வாடை தள்ளும் பாதை
தூத்துக்குடி முதல் மணப்பாடு வரை சைக்கிளில் ஒரு முத்துக்கரைப் பயணம்

திருச்செந்தூருக்குக் காரில் போகிறவர்களுக்கு வழியில் ஊர்களே கிடையாது. தூத்துக்குடியைத் தாண்டினால் உப்பளம், அப்புறம் ஒரு குட்டித் தூக்கம், கண் விழித்தால் ராஜகோபுரம். கடலில் ஒரு முழுக்கு, நாழிக்கிணற்றில் ஒரு குளியல், தரிசனம், பன்னீர் இலை விபூதி, திரும்பும்போது இரண்டு கிலோ கருப்பட்டி. விடியும் முன் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு.

அதே சாலையைச் சைக்கிளில் மிதித்துப் பாருங்கள், கணக்கே மாறிவிடும். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து மணப்பாடு இன்னும் 18. இந்த அறுபது கிலோமீட்டருக்குள் 1713-இல் எழுந்த பனிமய மாதா கோயில் இருக்கிறது. மார்க்கோ போலோ எழுதிவைத்த துறைமுகம் இருக்கிறது. தமிழ் அச்சின் தொடக்க காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் மீனவர் ஊர் இருக்கிறது. முஸ்லிம் வணிகர்களின் பட்டினம், முருகனின் இரண்டாம் படைவீடு, நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம், சவேரியார் தங்கிய குகை எல்லாமே இதற்குள்தான். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பெரும்பாலும் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேர மிதி. சைக்கிள் வேகத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற கரை இது.

தீவில்தான் மிதிப்பேன் என்பவர்களுக்கு ராமேஸ்வரம் இருக்கிறது. 1964 புயல் அழித்த தனுஷ்கோடியைக் கடந்து அரிச்சல்முனை வரை 2017-இல் சாலை வந்தபிறகு, இரண்டு பக்கமும் கடல் தெரிய ஓட்டலாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது முதல் கிலோமீட்டரிலிருந்து கடைசி வரை ஒரே காட்சி. இங்கே ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை மண்ணும் தொழிலும் சாமியும் சாப்பாடும் மாறுகின்றன.

முதலில் காற்றைக் கேளுங்கள்

தேரி மணல்மேடுகளை விட்டால் இந்தக் கரையில் சாலை முழுக்கத் தட்டை. இங்கே ஏற வேண்டிய மலை என்றால் அது காற்றுதான்.

ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும். செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து இறங்கும் காற்று. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே காற்றுதான். அந்த மாதங்களில் தெற்கே மிதித்தால் முகத்திலும் வலப்பக்கத்திலும் மாறி மாறி அறையும். தேரி மணலைச் சாலைக்குக் கொண்டுவந்து கொட்டும். சமதரையில் கியரைக் குறைத்து, மலை ஏறுவதுபோல் மூச்சு வாங்க வேண்டியிருக்கும்.

ஐப்பசிக்குப் பிறகு காற்று திரும்பும். வடகிழக்கிலிருந்து வரும் வாடை, தூத்துக்குடியிலிருந்து தெற்கே போகிறவரின் முதுகைத் தள்ளிக்கொடுக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். ஆகவே தை, மாசிதான் இந்தப் பாதைக்கு வாகான மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, வாடையும் மிச்சமிருக்கும்.

திசையும் முக்கியம். வடக்கிலிருந்து தெற்கே போங்கள். சென்னைக்காரர்கள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடியில் இறங்கி, செந்தூர் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பலாம். சைக்கிளை ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும்.

துறைமுகமும் உப்பும்

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது முயல் தீவு. பாண்டியன் தீவு என்றும் சொல்வார்கள். பெயர்தான் தீவு. துறைமுகச் சாலையிலேயே சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிடலாம். கலங்கரை விளக்கமும் அமைதியான கடற்கரையும் உண்டு. விடியற்காலையில் இங்கே வந்து சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்புவது நல்ல தொடக்கம்.

இங்கிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததன் விலையாக, அவற்றில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவும் கரைந்துகொண்டே போனதால், அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கிக் காப்பாற்ற முயல்கிறார்கள்.

ஊருக்குள் இருக்கும்போதே திரேஸ்புரம் பக்கம் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் இங்கே நின்றுபோனது. முத்துப் பார்களில் சிப்பி வற்றிவிட்டது. ஆனால் சங்கு குளிப்பது நிற்கவில்லை. இங்கே எடுக்கும் சங்குதான் வங்கத்துக்குப் போய், அங்குள்ள சுமங்கலிகளின் கையில் வளையலாகிறது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்களைக் கொழும்புக்கு விட்டதும் இந்த ஊரிலிருந்துதான். மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை மூன்றும் சேர்ந்த பண்டம். வழியில் சட்டென்று தெம்பு தரும்.

முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டியதும் உப்பளங்கள் தொடங்கும். தமிழ்நாட்டில் அதிக உப்பு விளைவது இந்த மாவட்டத்தில். காரில் போகிறவருக்கு இது வெறும் வெள்ளை. சைக்கிளில் போகும்போது பாத்திக்குப் பாத்தி நிறம் மாறுவது தெரியும். கடல்நீர் முதலில் விடப்படும் பாத்தி பச்சையும் சாம்பலுமாக இருக்கும். நீர் வற்றி உப்பு கூடக் கூட இளஞ்சிவப்பு ஏறும். கடைசிப் பாத்தியில்தான் வெள்ளை படியும். வெயில் ஏறினால் கண் கூசும் என்பதால் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. மரப் பலகையால் உப்பை வாரி வரப்போரம் சேர்க்கிறவர்கள், அதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரம் கட்டுகிறவர்கள் என்று காலை ஏழு மணிக்கே பாதி நாள் வேலை முடிந்திருக்கும். காலில் வெடிப்பும் கண்ணில் எரிச்சலுமாக இவர்கள் கழிக்கும் வாழ்க்கையைத்தான் ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதினார். சாலையோரம் நின்று படம் பிடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

பொருநை கடலில் சேரும் இடம்

பழையகாயலில் ஒரு டீ. சைக்கிளை ஓரம் சாய்த்ததுமே முதல் கேள்வி வந்துவிடும்: "அண்ணாச்சி, எங்கிருந்து வாறீய?" ஊர்ப்பெயரைச் சொன்னால் அடுத்தது: "சைக்கிள்லயா?" மூன்றாவது, சைக்கிள் என்ன விலை என்பது. மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால், அடுத்த ஊர் வரைக்கும் சாலை எப்படி, காற்று எப்படி என்று எல்லாமே தெரிந்துகொள்ளலாம். எந்தச் செயலியிலும் கிடைக்காத தகவல்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ 'காயல்' என்று எழுதிய துறைமுகம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அரபு நாட்டுக் குதிரைகள் பாண்டியனுக்காக இறங்கிய துறை அது. அதற்கும் ஆயிரம் ஆண்டு முந்தைய துறையான கொற்கை, மேற்கே சில கிலோமீட்டரில். கிரேக்கர்கள் 'கொல்கை' என்று எழுதிய முத்துப் பட்டினம் இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி, வயலுக்கும் வாழைக்கும் நடுவே, பழைய வன்னி மரத்தோடு ஒரு சிறு கிராமமாக இருக்கிறது. பொருநை என்ற தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகியது. கொற்கை போய்க் காயல் வந்தது, காயலும் தூர்ந்து தூத்துக்குடி வந்தது. ஒரே நதியின் வேலையால் துறைமுகம் இரண்டு முறை இடம் மாறியதை ஒரு காலைப் பொழுதுக்குள் மிதித்துப் பார்த்துவிடலாம்.

முக்காணியில் அந்த நதியைப் பாலத்தில் கடக்கிறோம். பொதிகையில் பிறந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே ஓடி முடியும் வற்றாத ஆறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே பகுதி எப்படி மிதந்தது என்பதை இங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். மாவட்டத்தின் ஓராண்டு சராசரியைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது அப்போதுதான்.

பாலம் தாண்டினால் ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால்களின் ஊர். 2023-இல் ஆத்தூர் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளையும் உவர்ப்புமாக வந்த சாலையில் திடீரென்று பச்சையும் ஈரமும். இங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயல். போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த அண்டிரிக் அடிகளார் பரதவர் மத்தியில் தங்கித் தமிழ் படித்த ஊர். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. 1586-இல் வந்த 'அடியார் வரலாறு' இங்கே அச்சிடப்பட்டதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். அச்சுக்கூடத்தின் சுவடு எதையும் தேட வேண்டாம். படகுகளும் வலைகளும் மீன் ஏலமும்தான் இன்றைய புன்னைக்காயல்.

காயலின் தெருக்களில் கொஞ்சம் மெதுவாக

ஆறுமுகநேரி, சாகுபுரம் ரசாயன ஆலை இரண்டையும் கடந்ததும் காயல்பட்டினம். பிரதான சாலையிலேயே போய்விட்டால் ஊரைப் பார்த்ததாகாது. உள்ளே திரும்புங்கள். நீளமான வீடுகள், அவற்றுக்கு நடுவே பெண்கள் போய்வருவதற்கான முடுக்குகள், தெருவுக்குத் தெரு பள்ளிவாசல். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது இங்கே வழக்கம், வீடு மகளுக்குத்தான். இலங்கை வணிகமும் இரத்தினக்கல் வியாபாரமும் வளர்த்த ஊர். முடுக்குகளுக்குள் சைக்கிளை விடாதீர்கள். இறங்கித் தெருவோடு தள்ளிக்கொண்டு நடப்பதே முறை. மதியம் வாய்ப்புக் கிடைத்தால் களறிச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். சாப்பிட்ட கையோடு மிதிக்க முடியாது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

வீரபாண்டியன்பட்டினம் வந்தாலே கோபுரம் தெரியும்.

செந்தூர்க் கரை

ஆறுபடை வீடுகளில் கடலோரம் அமைந்தது திருச்செந்தூர். ஒன்பது நிலை ராஜகோபுரம் மேற்கே பார்த்து நிற்கும், கடல் கிழக்கே. அலையிலிருந்து சற்றே தள்ளி, ஓர் அடி சதுரமே உள்ள நாழிக்கிணற்றில் உப்புக் கரிக்காத நீர் ஊறுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோயிலைக் கைப்பற்றி உற்சவ மூர்த்தியைக் கப்பலேற்றியதையும், 1653-இல் வடமலையப்ப பிள்ளை கடலிலிருந்து மீட்டு வந்ததையும் கோயில் வரலாறு சொல்கிறது. 2025 ஜூலை 7-இல் குடமுழுக்கு நடந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் உள்வாங்கிப் பாசி படிந்த பாறைகள் தெரியும். அப்போது பாறைமேல் இறங்கி நிற்பது ஆபத்து. போன அலை திரும்பி வரும்.

சைக்கிள்காரர்கள் நாள் பார்த்து வரவேண்டிய இடமும் இதுதான். கந்தசஷ்டி, வைகாசி விசாகம் நாட்களில் ஊருக்குள் சக்கரம் உருளாது. தைப்பூசத்தை ஒட்டிப் பச்சை உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கும். விடிய விடிய நடக்கிறார்கள், சாலையின் இடது ஓரத்தில். சைக்கிளுக்கும் அதே ஓரம்தான். மணியடித்து விலகச் சொல்லாமல் அவர்களுக்கு வழிவிட்டுப் போங்கள்.

செம்மண் தேரியும் ராக்கெட்டும்

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழிப் பக்கம் திரும்பினால் குதிரைமொழித் தேரி. காற்று கொண்டுவந்து குவித்த மணல். இரும்புச் சத்து ஏறிச் சிவந்த மணல். சற்று நேரத்துக்கு முன் கடல் பார்த்தவருக்கு இது வேறு நாடு. பனையும் முந்திரியும் குடை விரித்த உடைமரங்களும். தேரிக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனையும் நிழலும் உண்டு. மணலில் சைக்கிள் புதையும் என்பதால் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாம். உடைமுள் எந்த டயரையும் மதிக்காது. பஞ்சர் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும்.

இந்த மண்ணின் பனையிலிருந்து வருவதுதான் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி. தையில் போனால் சாலையோரம் அவித்த பனங்கிழங்கு கட்டுக் கட்டாக விற்கும். நாரை உரித்து, கொஞ்சம் உப்போடு கடித்துத் தின்றால் அடுத்த பத்து கிலோமீட்டருக்குப் பசிக்காது. மாசிக் கடைசியில் பதநீர் இறங்கத் தொடங்கும்.

கடலோரச் சாலைக்குத் திரும்பினால் ஆலந்தலை மீனவர் ஊர், அதை அடுத்துக் கல்லாமொழி. உடன்குடி அனல்மின் திட்டத்துக்கு நிலக்கரி இறக்கக் கடலுக்குள் நீளும் பாலம் அங்கிருந்து தெரியும். பிறகு குலசேகரன்பட்டினம், சுருக்கமாகக் குலசை. தசராவுக்கு லட்சக்கணக்கானவர்கள் வேடமிட்டு வரும் முத்தாரம்மன் கோயில் ஊர். 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது உப்புத்துறை அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கால் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஊர். இனி ராக்கெட்டால் பேசப்படும். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் ஏவுதளம் இங்கே எழுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமல் இருக்க வளைந்து போக வேண்டியிருக்கிறது. அதில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து தெற்கே நேராகக் கடல்தான். சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்த மிச்சம் பெரிய லாபம். தெற்கே போக இந்தக் கரை வசதி என்று இஸ்ரோவும் கணக்குப் போட்டிருக்கிறது.

மணப்பாட்டு மணல்மேடு

குலசையை அடுத்துக் கிழக்கே திரும்பினால் மணப்பாடு. கடலுக்குள் மூக்கு நீட்டிய ஒரு மணல்மேடு, அதன் உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டு ஏறுங்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் திறந்த கடல். மறுபக்கம் கழிமுகத்தில் தேங்கிய உப்பங்கழி. இரண்டுக்கும் நடுவே மெல்லிய மணல் திட்டு. மேட்டின் கடல் பக்கச் சரிவில், 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகச் சொல்லப்படும் குகை. கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் அங்குள்ள கிணற்றில் நல்ல தண்ணீர். நாழிக்கிணற்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதிசயப்படுவதற்கு முன், மணல்மேடு மழைநீரைத் தாங்கிவைத்து வடிக்கும் இயல்பை நினைத்துக்கொள்ளலாம். கரையோர மக்கள் தலைமுறைகளாக அறிந்து வைத்திருக்கும் நீரியல் அது.

ஊருக்குள் கொழும்பு வணிகக் காலத்துப் பெரிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். பேரம் பேசாமல் ஒன்று வாங்கிக் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளலாம். அண்மைக் காலமாக அலைச்சறுக்குக்காரர்களும் மணப்பாட்டு அலையைத் தேடி வருகிறார்கள்.

கால்கள் ஒத்துழைத்தால் பெரியதாழை வழியாக உவரி வரை நீட்டலாம். 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' நாவல்களை எழுதிய ஜோ டி குருஸின் ஊர். அதற்குப் பக்கத்தில்தான் கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி. சென்னையிலிருந்து நெல்லைச் சீமைக்குக் கால்நடையாகவே வந்தவர் அவர், சைக்கிள்காரர்களுக்கு மூத்தவர். இல்லையென்றால் மணப்பாட்டிலிருந்தே திரும்பி, 18 கிலோமீட்டர் வாடையை எதிர்த்து மிதித்து, திருச்செந்தூரில் ரயிலைப் பிடியுங்கள்.

புறப்படும் முன்

விடிய ஐந்தரைக்குக் கிளம்பி, பதினொரு மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். மாலை நாலுக்கு மேல் மீண்டும் மிதிக்கலாம். அவசரமில்லாதவர்கள் இரண்டு நாளாகப் பிரித்து, திருச்செந்தூரில் இரவு தங்கலாம். ரேஸ் சைக்கிளைவிடக் கொஞ்சம் அகலமான டயர் நல்லது. உப்புக்காற்று ஒரே இரவில் செயினில் துரு ஏற்றும். தினமும் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்பளப் பகுதியில் மரம் கிடையாது, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீராவது வேண்டும். இருட்டிய பிறகு பின்விளக்கு இல்லாமல் ஓட்டாதீர்கள். உப்பு லாரியும் பக்தர்கள் வேனும் ஒதுங்கிப் போகும் என்று நம்ப முடியாது.

ஒரு நீலக் கோடு போதும்

இந்தப் பாதைக்கு இல்லாதது ஒன்றே ஒன்று: ஓரம்.

ஜப்பானில் ஓனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை, தீவுகளைப் பாலங்களால் கோத்துப் போகும் ஷிமனாமி கைடோ சைக்கிள் பாதை சுமார் 70 கிலோமீட்டர். நம் தூரத்துக்கு ஏறத்தாழச் சமம். தீவுகளுக்குள் அவர்கள் பெரும்பாலும் தனிச்சாலை போடவில்லை. இருக்கிற சாலையின் ஓரத்தில் நீலக் கோடு இழுத்தார்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது, வண்டிகளும் ஒதுங்கிப் போகும். தென்கொரியாவின் ஜெஜு தீவைச் சுற்றி 234 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருக்கிறது. மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஜெஜுப் பெண்களின் தொழில் 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்த மீனவர் ஊர்கள் வழியாகத்தான் பாதையும் போகிறது; சைக்கிளில் வருகிறவர்கள் அங்கேயே தங்கி அங்கேயே சாப்பிடுகிறார்கள். மூச்சடக்கி முத்தெடுத்த வரலாறு நமக்கு ஈராயிரம் ஆண்டு. அதைச் சொல்ல ஒரு பலகைகூடச் சாலையோரத்தில் கண்ணில் படுவதில்லை.

சைக்கிள் பாதை என்றதும் பொழுதுபோக்குக்காரர்களின் ஆசை என்று தள்ளிவிட வேண்டாம். இந்தச் சாலையின் ஓரத்தில் தினமும் போகிறவர்கள் உப்பள வேலைக்குப் போகும் பெண்கள், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், மீன்கூடை கட்டிய வியாபாரிகள், பாதயாத்திரை பக்தர்கள். ராக்கெட் தளத்துக்கும் மின்நிலையத்துக்கும் கோயில் கூட்டத்துக்கும் என்று எந்தக் காரணத்துக்காகச் சாலையை அகலப்படுத்தினாலும், இரண்டு பக்கமும் இரண்டு மீட்டர் இவர்களுக்கென்று ஒதுக்கி ஒரு கோடு போட வேண்டும். செலவு பெயின்ட் செலவுதான். மாவட்ட நிர்வாகமும் நெடுஞ்சாலைத் துறையும் சுற்றுலாத் துறையும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே முடித்துவிடக்கூடிய வேலை.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வருகிற தையில் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். நிறையப் பேர் மிதிக்கிற சாலைக்குத்தான் கோடு சீக்கிரம் வரும்.